ஐயத்தோடு வருவோருக்கு ஒரு மாலை வகுப்பு: கொட்டாஞ்சேனையில் நடக்கும் தொடர் பற்றிய மதிப்பீடு

கொழும்பில் தமிழில் மறைக்கல்வி பெறுவதற்கு வழிகள் உண்டு. முதல்நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும், உறுதிபூசுதல் பெறவிருக்கும் இளையோருக்கும், திருமணத்தை நெருங்கும் சோடிகளுக்கும் பங்குகளில் வகுப்புகள் நடக்கின்றன. ஆனால், இவை எல்லாவற்றையும் கடந்து, பிள்ளைகளையும் ஆளாக்கிவிட்ட பிறகு, ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பாதி வழியில் வாய் நின்றுபோகிற ஒருவர், தன் கேள்வியோடு போய் அமர்வதற்கு ஓர் இடம் தேடினால் கிடைப்பது அரிது. கொட்டாஞ்சேனைப் பகுதியில் ஒரு பங்கு மண்டபத்தில் ஆண்டுதோறும் நடத்தப்படும் மாலை வகுப்புத் தொடர் அப்படிப்பட்டவர்களுக்காகவே அமைந்தது. நவம்பர் நடுப்பகுதியில் தொடங்கி, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம் வரை, வாரம் ஒரு நாள், மாலை ஆறரை முதல் எட்டு மணி வரை அது நடக்கிறது. சென்ற தொடர் முழுவதையும் இருந்து கேட்டதால், போக நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி என் மதிப்பீட்டை எழுதுகிறேன். வீட்டாரிடமே சொல்லாத கேள்விகளோடு பலர் வருவதால், பங்கின் பெயரையும் நடத்துவோரின் பெயர்களையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேண்டுகோளை மதிக்கிறேன்.

தொடரின் பொருள் இரண்டு: விசுவாசத்தில் எழும் ஐயம், கடவுள் மனிதரானார் என்னும் நம்பிக்கை. இவ்விரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டினார்கள் என்று தொடக்கத்தில் எனக்கு விளங்கவில்லை. கடவுள் இருக்கிறாரா என்று தடுமாறுபவரிடம் போய், அவர் பெத்லகேமில் பிறந்தார் என்று சொல்வது, முதற்படியில் நிற்பவரை மொட்டைமாடிக்கு அழைப்பதுபோல் அல்லவா? ஆனால் மூன்றாவது வாரம் ஆகும்போது அந்த இணைப்பின் நியாயம் தெளிவாகிவிட்டது. மண்டபத்துக்கு வருகிறவர்களில் கடவுள் இல்லை என்று வாதிடுபவர்கள் மிகச் சிலர். மற்றவர்களின் கேள்வி வேறு: கடவுள் இருந்தால், நான் பட்ட பாடு அவருக்குத் தெரியுமா, தெரிந்தாலும் அது அவரைத் தொட்டதா என்பதே அது. அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவம் வைத்திருக்கும் விடை மனிதரான கடவுள் ஒருவரே.

வகுப்பை நடத்துபவர்கள் இருவர். ஒருவர் மறைமாவட்டக் குரு, மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. குரு வரலாறும் இறையியலும் சொல்கிறார். ஆசிரியை நற்செய்திப் பகுதிகளை வாசித்து விளக்குகிறார். என் மதிப்பில் தொடரின் உயிர் ஆசிரியையின் பகுதியிலேயே இருக்கிறது. அவர் புனித தோமையாரின் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்ட மாலையை நினைவில் வைத்திருக்காத எவரும் அந்த மண்டபத்தில் இருக்கமாட்டார்கள். யோவான் நற்செய்தியின் 20 ஆம் அதிகாரத்தை நாம் கேட்கும்போதெல்லாம், இயேசு உயிர்த்தார் என்பதில் தோமையாருக்கு எழுந்த ஐயத்தையும் அதற்கு இயேசு சொன்ன மறுமொழியையும் மட்டுமே கேட்கிறோம். இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஒரு வாரம் கிடக்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆண்டவரைக் கண்டோம் என்று மகிழ்ந்திருந்த சீடர்களும், நான் நம்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன தோமையாரும் அந்த வாரம் முழுவதும் என்ன செய்தார்கள்? எட்டாம் நாளில் தோமையார் அவர்களோடு அதே வீட்டில் இருந்தார் என்று நற்செய்தி சொல்கிறது. அவர்கள் அவரைத் துரத்தவில்லை. அவரும் எழுந்து போகவில்லை. இயேசு வந்தபோது அவர் அங்கே இருந்ததனால்தான், "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்று, இயேசுவின் இறைத்தன்மையை அந்த நற்செய்தியிலேயே ஒளிவுமறைவின்றி அறிக்கையிடும் வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

ஐயப்படுபவர்களுக்கான எந்த வகுப்பையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அது ஐயப்படுபவரை எட்டாம் நாள் வரை வீட்டுக்குள் வைத்திருக்கிறதா, இல்லையா? இந்த வகுப்பு வைத்திருக்கிறது. அதே மாலையில் ஆசிரியை மத்தேயு நற்செய்தியின் கடைசிப் பகுதியையும் காட்டினார். உயிர்த்த இயேசுவைக் கலிலேயா மலையில் கண்டு பணிந்த பதினொரு சீடர்களில் சிலர் ஐயமுற்றார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அடுத்த வரியிலேயே இயேசு அவர்கள் எல்லாரையும் உலகெங்கும் அனுப்புகிறார். ஐயமுற்றவர்களை அவர் தனியே பிரித்து நிறுத்தவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக இந்தப் பகுதியைக் கேட்டிருந்தும் அந்தச் சிறு வாக்கியத்தை நான் கவனித்ததில்லை, எனக்கு அருகே இருந்தவரும் தம் திருவிவிலியத்தைத் திறந்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரலாற்றுப் பகுதியைக் குரு நன்றாகவே நடத்தினார். 325 ஆம் ஆண்டில் பேரரசர் கொன்ஸ்தந்தீன் நீசேயாவில் கூட்டிய ஆயர்களின் சங்கத்தின் 1700 ஆம் ஆண்டு நிறைவு 2025 இல் வந்ததை முன்னிட்டு அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ், மகனாகிய கிறிஸ்துவுக்கு ஒரு தொடக்கம் இருந்தது, அவர் படைக்கப்பட்டவர்களுள் உயர்ந்தவர் என்று போதித்ததையும், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சங்கம் அறிக்கையிட்டதையும், பின்னர் ஆயரான அத்தனாசியார் அந்த அறிக்கைக்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்டதையும் சொல்லிவிட்டு, இது சாதாரண மக்களுக்கு ஏன் முக்கியம் என்ற கேள்விக்கு வந்தார். ஆரியுஸ் சொன்னது சரியென்றால், சிலுவையில் துன்பப்பட்டது கடவுள் அனுப்பிய ஒருவர். கடவுள் அந்தத் துன்பத்துக்கு வெளியே நின்றார். நீசேயா சொன்னது சரியென்றால், கடவுளே உள்ளே வந்தார். நாம் பூசையில் மனனமாகச் சொல்லிக் கடந்துபோகும் ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வேறுபாடு கிடக்கிறது என்பதை இத்தனை எளிமையாக நான் தமிழில் கேட்டதில்லை.

451 ஆம் ஆண்டின் கல்செதோன் சங்கத்தைப் பற்றிய பகுதி இதைவிடக் கடினமானது. கிறிஸ்துவின் இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும், மாறாமலும், பிளவுபடாமலும், பிரியாமலும் ஒரே ஆளில் இணைந்திருக்கின்றன என்ற வரையறையை அவர் பலகையில் எழுதினார். பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், "பாதர், இந்த நாலும் எப்படி இல்லை என்றுதான் சொல்லுதே தவிர, எப்படி என்று சொல்லவில்லையே" என்றார். குரு சிறிது யோசித்து, ஆம், நான்கு பக்கமும் வேலி போட்டார்கள், உள்ளே இருப்பதை விளக்க முற்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத அந்தக் குணத்தினாலேயே அவர்மீது எனக்கு மதிப்பு வந்தது.

குறை சொல்ல வேண்டிய இடமும் இதே பகுதியில் வருகிறது. மனிதரான கடவுளை விளக்குவதற்கு அவர் புனித யோசேப் வாஸ் அடிகளாரை உவமையாக எடுத்துக்கொண்டார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் இலங்கையில் கால்வைக்க முடியாதிருந்த காலத்தில், வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் 1687 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததைப்போலவே, கடவுளும் தம் மகிமையை மறைத்து ஏழையின் கோலத்தில் வந்தார் என்பது குரு சொன்னது. நம் நாட்டு வரலாற்றிலிருந்து எடுத்தது என்பதால் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆயினும் அது தவறான திசையில் கொண்டுபோகும் உவமை. கோலம் என்றால் கலைக்கலாம். மேலே மனிதத் தோற்றம், உள்ளே அதனால் தொடப்படாத கடவுள் என்று எண்ணியவர்களைத் திருச்சபை தொடக்கத்திலேயே மறுத்திருக்கிறது; இயேசு துன்பப்பட்டதுபோலத் தோன்றினார் என்று சொன்னவர்களை எதிர்த்து அந்தியோக்கியா இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடிதம் எழுதினார். அதே வாஸ் அடிகளாரின் வாழ்க்கையில் இதைவிடப் பொருத்தமான பகுதி இருக்கிறது. அவர் திரும்பிப் போகவில்லை. தமிழும் சிங்களமும் கற்று, ஒற்றன் என்ற சந்தேகத்தில் கண்டியில் சிறையிருந்து, அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்டவர்களைப் பராமரித்து, 1711 இல் கண்டியிலேயே இறந்தார். வந்த கோலத்தைவிட, போகாமல் தங்கியதே மனிதரான கடவுளுக்கு நெருக்கமான சாயல். "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்று யோவான் எழுதியதும் அதையே. அடுத்த தொடரில் குரு இந்த உவமையைத் திருத்திக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த வகுப்பு எங்கெல்லாம் இயேசுவின் மனிதத்தன்மையை முழுதாகப் பேசுகிறதோ அங்கெல்லாம் அது ஐயப்படுபவரைத் தாங்குகிறது, எங்கே அதைச் சற்று மென்மையாக்கிவிடுகிறதோ அங்கே கைவிட்டுவிடுகிறது என்பதே. உலக முடிவின் நாளும் வேளையும் மகனுக்கே தெரியாது என்ற மாற்கு நற்செய்தியின் சொற்களையும், கெத்சமனியில் இந்தக் கிண்ணத்தை அகற்றும் என்று அவர் மன்றாடியதையும், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று 22 ஆம் திருப்பாடலின் முதல் அடியைச் சிலுவையில் கதறியதையும் ஆசிரியை ஒன்றையும் பூசி மெழுகாமல் வாசித்தார். கைவிடப்பட்டதாக உணர்ந்த மனிதர் ஒருவரைத்தான் நாம் கடவுள் என்று வணங்குகிறோம் என்று அவர் சொன்னபோது, மண்டபம் அசையவில்லை. கிறிஸ்து எவற்றை ஏற்கவில்லையோ அவை குணமாகவில்லை என்று நாசியான்சு கிரகோரியார் நான்காம் நூற்றாண்டில் எழுதியதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், கைவிடப்பட்ட உணர்வையும் அவர் ஏற்றார் என்பதே ஐயப்படுபவருக்குக் கிடைக்கும் நற்செய்தி.

வகுப்புக்குக் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வருகிறார்கள். கத்தோலிக்கப் பெண்ணை மணந்த சைவர் ஒருவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், எழுந்து கேட்ட கேள்வி மிகக் கூர்மையானது. சிலப்பதிகாரமே சிவனைப் பிறவா யாக்கைப் பெரியோன் என்று சொல்கிறது. கருவில் பிறப்பதும் சாவதும் கட்டுண்ட உயிர்களுக்கு உரியவை அல்லவா, கடவுளை அதற்குள் கொண்டுவருவது அவரைக் குறைப்பதாகாதா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். குரு அவசரப்படவில்லை. இது சைவருக்கு மட்டும் தோன்றும் தடை அன்று, கிரேக்கருக்கும் இதுவே மடமையாகத் தோன்றியது என்று பவுலடியார் எழுதியிருப்பதைச் சொல்லி, உங்கள் கேள்வி கடவுளின் பெருமையைக் காக்க எழுந்தது, அதை நான் மதிக்கிறேன். நாங்கள் சொல்வது என்னவென்றால், அன்பினால் குறைவுபட முன்வந்ததே அவருடைய பெருமை என்பதுதான் என்றார். சைவர் உடன்பட்டாரா என்று தெரியவில்லை, ஆனால் கடைசி வாரம் வரை வந்தார். மதமாற்றப் பேச்சு ஒன்றுகூட அங்கே எழவில்லை என்பதையும் பொறுப்போடு சொல்ல வேண்டும்.

கேள்விகளைப் பேர் எழுதாமல் துண்டுத்தாளில் எழுதிப் போடுவதற்கு வாசலில் பழைய கிரீம் கிறாக்கர் தகரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பின் கடைசி அரைமணி நேரமும் அந்தத் தாள்களுக்கு உரியது. ஒரு மாலையில் ஆசிரியை எடுத்த தாள், பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழிக்கப்பட்டது. நடுங்கிய கையெழுத்தில் இரண்டே வரி: "மகன் 2009 இல் காணாமற்போனவன். உயிரோடு இருப்பவனுக்காக மன்றாடுவதா, செத்தவனுக்காக மன்றாடுவதா?" அவர் அதை வாசித்துவிட்டு, விடை சொல்லாமல், 88 ஆம் திருப்பாடலை முதலிலிருந்து முடிவு வரை வாசித்தார். அந்தத் திருப்பாடல் மற்றவற்றைப்போல நன்றியிலோ நம்பிக்கையிலோ முடிவதில்லை, இருளில் முடிகிறது. இருளில் முடியும் மன்றாட்டையும் திருச்சபை மன்றாட்டாகவே ஏற்றுத் தன் திருநூலில் வைத்திருக்கிறது என்றார். பிறகு, "அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் பேரைச் சொல்லி மன்றாடுங்கள். எங்கே இருக்கிறான் என்று நீங்கள் கடவுளுக்குச் சொல்லத் தேவையில்லை" என்று நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அது பிழையாகியிருக்கும். ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் நம் பங்குகளில் நிறையப் பேர் உண்டு; எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு.

புனிதர்களின் ஐயத்தைப் பற்றிய வாரமும் பயனுள்ளது. குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1896 ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலத்திலிருந்து 1897 செப்டெம்பரில் இறக்கும்வரை விசுவாசத்தின் இருளில் இருந்ததையும், அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலேயே பணிசெய்ததை 2007 இல் வெளிவந்த அவருடைய கடிதங்கள் காட்டியதையும் சொன்னார்கள். மாலை அணிந்த படங்களாக நம் வீட்டுச் சுவர்களில் தொங்குபவர்கள் இப்படி இருந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் சிலர் அதிர்ந்தார்கள், சிலருக்கு மூச்சு விட்டதுபோல் இருந்தது.

அறிவியலும் விசுவாசமும் பற்றிய வாரம் பலவீனமானது. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. அது ஒரு செய்தி, வாதம் அன்று. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் கேட்க வந்தது வேறு.

என் கடுமையான முறைப்பாடு கடைசி வாரத்தைப் பற்றியது. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த மண்டபத்திலிருந்து கொச்சிக்கடை எட்டும் தூரம். அன்று உறவினரை இழந்தவர்கள் அந்த நாற்காலிகளிலேயே இருந்தார்கள். கடவுளை வணங்கிக்கொண்டிருந்த வேளையிலேயே ஏன் இது நடந்தது என்பது கொழும்புத் தமிழ்க் கத்தோலிக்கரின் ஐயங்களில் முதலாவது. அதற்குத் தொடரின் இறுதி வகுப்பில், அதுவும் பிரியாவிடைப் பேச்சுகளுக்கு முன்னர், இருபது நிமிடம் ஒதுக்கியது போதவே போதாது. சொன்னவை நல்லவை. கட்டுவாப்பிட்டியில் இரத்தத்துளிகள் தெறித்த நிலையில் இருந்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைப் பற்றி ஆசிரியை பேசினார். உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை நீக்கிவிட்டு வரவில்லை, தோமையாருக்குக் காட்டியவை அவையே, மனித உடலை அவர் விண்ணகத்திலும் கழற்றிவைக்கவில்லை என்பதே திருச்சபையின் விசுவாசம் என்றார். ஒருவர் எழுந்து, "டீச்சர், அது எனக்கு விளங்குது. ஆனால் நீதி?" என்று கேட்டார். நேரம் முடிந்திருந்தது. அந்தக் கேள்வியை அப்படியே விட்டு இறுதிச் செபத்துக்கு எழுந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. மனிதரான கடவுள் அநியாயமான தீர்ப்பினால் கொல்லப்பட்டவர் என்பதிலிருந்து நீதியைப் பற்றிப் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆகவே இந்தப் பொருளுக்குத் தொடரின் நடுவில் ஒரு முழு மாலையாவது கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

நடைமுறை விபரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் இல்லை, தேநீர்ச் செலவுக்கு விரும்பியதைப் போடலாம். இடைவேளையில் இஞ்சி போட்ட பிளேன்டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள். வேலை முடிந்து வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் புறக்கோட்டையைத் தாண்டி வருவதற்குள் முதல் கால்மணி நேரம் போய்விடுகிறது. ஆமர் வீதிப் பக்கத்து நெரிசலையும் கணக்கில் எடுத்துப் புறப்பட வேண்டும். மண்டபத்தின் இடதுபக்க மின்விசிறிகள் சத்தமிடுவதால் காது மந்தமானவர்கள் வலப்பக்கம் முன்வரிசையில் இருப்பது நல்லது. கொடுக்கப்படும் கைநூல் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, எழுத்தும் சிறியது. வகுப்பில் பேசப்படும் தமிழ் இத்தனை அழகாக இருக்கையில், அதையே எழுதி அச்சிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வகுப்பு முடிந்தபின் தொடர்ந்து சந்திக்க ஏற்பாடு எதுவும் இல்லை என்பதும் குறையே.

கேள்விக்கு உடனே விடை வேண்டுபவர்களுக்கும், விவாதத்தில் வெல்ல வருபவர்களுக்கும் இந்த வகுப்பு ஏமாற்றமாக இருக்கும். பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களுக்கும், துக்கத்தினால் செபிக்க முடியாமல் போனவர்களுக்கும், வேற்று மதத்தில் திருமணம் செய்து கிறிஸ்து யார் என்று நேர்மையாக அறிய விரும்புபவர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வேலைக்குப் போகும் இளையோரின் வசதிக்காகச் சனிக்கிழமைப் பிற்பகலில் இன்னொரு பிரிவு தொடங்குவது பற்றி ஏற்பாட்டாளர்கள் பேசுகிறார்கள். பெயர் பதிவு ஒக்டோபர் இறுதியில் தொடங்கும். கொட்டாஞ்சேனைப் பங்குகளின் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவில் அறிவிப்பார்கள், அறிவிப்பைத் தவறவிட்டவர்கள் பங்கு அலுவலகத்தில் விசாரித்தாலும் சொல்வார்கள்.